அரிவாளுக்கு வாய் எடுப்பது: கத்தியும் வெட்டரிவாளும் புதிதாக வாங்கியவர்களுக்கு

போன மாதம் நண்பர் ஒருவர் சொந்த வீட்டுக்குக் குடிபோனார். கொல்லையில் இரண்டு தென்னை, ஒரு முருங்கை, வேலியோரம் கொஞ்சம் கருவேலம். சந்தையில் ஒரு வெட்டரிவாள் வாங்கிவந்து முருங்கைக் கிளையைக் கழிக்கப் பார்த்திருக்கிறார். கிளை வெட்டுப்படாமல் நசுங்கி, பட்டை நாராகக் கிழிந்து தொங்கியிருக்கிறது. "ஏமாத்திட்டாங்க, அரிவாள் மட்டம்" என்று என்னிடம் கொண்டுவந்து காட்டினார். அரிவாளில் ஒரு குறையும் இல்லை, நல்ல கனம், முதுகு நேராக இருந்தது, தட்டிப் பார்த்தால் கணீரென்றது. அதற்கு யாரும் வாய் எடுக்கவில்லை, அவ்வளவுதான்.

பட்டறையிலிருந்து சந்தைக்கு வரும் அரிவாள் பெரும்பாலும் அரைகுறை வாயோடுதான் வரும். வாங்குகிறவர் தன் வேலைக்குத் தக்கபடி தீட்டிக்கொள்வார் என்று விட்டுவிடுவார்கள். வீட்டுக்கு ஒருவருக்காவது தீட்டத் தெரிந்திருந்த காலத்தில் அது சரியாக இருந்தது. இப்போது வாங்குகிற பலருக்கு அப்படி ஒரு வேலை பாக்கியிருப்பதே தெரியாது. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் வாய் என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம். வெட்டுகிற ஓரம் வாய். அதற்கு எதிரே தடிப்பாக இருப்பது முதுகு. கைப்பிடிக்குள் நுழைந்திருக்கும் பகுதி காம்பு, காம்பு நுழையும் இடத்தில் பிடி பிளக்காமல் இறுக்கிப் பிடிக்கும் இரும்பு வளையம் பூண். கத்தியின் இரண்டு பக்கமும் சரிந்துவந்து ஒரு கோட்டில் சந்திக்கின்றன இல்லையா, அந்தச் சந்திப்பைப் பெரிதாக்கிப் பார்த்தால் ஒரு ஆப்பு மாதிரி இருக்கும். ஆப்பு ஒல்லியாக இருந்தால் பொருளுக்குள் சுலபமாக இறங்கும், ஆனால் வாய்க்குப் பின்னால் இரும்பு குறைவு என்பதால் கடினமான எதிலாவது பட்டால் மடியும், இல்லாவிட்டால் உடையும். ஆப்பு தடிப்பாக இருந்தால் அடி தாங்கும், ஆனால் இறங்குவதற்கு வேகமும் கனமும் வேண்டும். இரண்டையும் ஒரே வாயில் முழுசாகப் பெற முடியாது. எந்தக் கத்தி வாங்குவது, எதை எதில் வெட்டக்கூடாது, எப்படித் தீட்டுவது என்று வரும் கேள்விகள் எல்லாமே இந்த ஒரு விஷயத்தில்தான் போய் நிற்கின்றன.

கணக்காகச் சொன்னால், காய் நறுக்கும் கத்திக்கு ஒரு பக்கத்துக்கு 15 முதல் 20 டிகிரி வரை சரிவு இருக்கலாம். விறகு வெட்டும் அரிவாளுக்கு 25 முதல் 30 வரை. காய்கறிக் கத்தியால் தேங்காய் உடைத்தால் வாயில் பொக்கை விழுவதும், வெட்டரிவாளால் தக்காளி நறுக்கினால் தக்காளி நசுங்குவதும் இதனால்தான்.

நம் மொழியிலேயே இதற்கு ஒரு நல்ல வழிகாட்டி இருக்கிறது. அரிவது, நறுக்குவது, சீவுவது, கொத்துவது, தறிப்பது, பிளப்பது, கழிப்பது என்று எத்தனை சொற்கள்! ஒவ்வொன்றும் கை போகும் விதத்தைச் சொல்கிறது, கூடவே அதற்கு எப்படிப்பட்ட வாய் வேண்டும் என்பதையும் சொல்கிறது. அரிவது என்றால் வாயின் நீளத்தில் பொருள் இழுபட வேண்டும். அரிவாள்மனையைப் பாருங்கள், அதில் கத்தி அசையாமல் நிற்கிறது, கீரைக்கட்டுதான் வாயின் மேல் நகர்கிறது. அழுத்தம் குறைவு, இழுவை அதிகம், அதனால் மெல்லிய வாய் போதும். சீவுவதும் அந்த இனம்தான். இளநீர் வெட்டுகிறவரின் கையைக் கொஞ்சம் நின்று கவனியுங்கள். பெரிய கனமான அரிவாள்தான் வைத்திருப்பார், ஆனால் காயை நேராக ஓங்கி அடிப்பதில்லை, சாய்வாக இறக்கி, இறங்கும்போதே தன் பக்கமாக ஒரு இழுப்பு கொடுக்கிறார். அந்த இழுப்பால்தான் மட்டை பச்சைப் பாக்கு மாதிரி வழவழப்பாகச் சீவுப்படுகிறது. பிளப்பது நேர் எதிர். விறகுக் கட்டையின் தலையில் வாய் கொஞ்சம் நுழைந்தால் போதும், மீதி வேலையை ஆப்பின் தடிப்பு பார்த்துக்கொள்ளும். அங்கே கூர் அவ்வளவு முக்கியமில்லை, கனமும் தடிப்பும்தான் முக்கியம், அதற்குத்தான் கோடாரி. கிளை கழிப்பதும் தறிப்பதும் நடுவில் நிற்கின்றன, வாயும் வேண்டும், கனமும் வேண்டும். வெட்டரிவாள் அந்த இடத்துக்கானது. முனை முன்னால் வளைந்து கனம் முன்பக்கம் கூடியிருப்பதால் கை வீசுகிற வேகத்தோடு அந்தக் கனமும் சேர்ந்து இறங்குகிறது.

ஆக, ஒரு வீட்டுக்கு எத்தனை வேண்டும்? தோட்டம் இருந்தால் ஒரு வெட்டரிவாள், அடுப்படிக்கு ஒரு நல்ல கத்தி அல்லது அரிவாள்மனை, சின்னச் சின்ன வேலைக்கு ஒரு கைக்கத்தி. இது போதும் என்பது என் எண்ணம். கடையில் ஒன்பது கத்தி அடுக்கிய மரப்பெட்டியை வாங்குவதற்குப் பதில் அதே பணத்தில் ஒரு நல்ல கத்தியும் ஒரு நல்ல சாணைக்கல்லும் வாங்குங்கள். கதிர் அறுக்கும் கருக்கரிவாள் தனி வகை, அதன் வாயில் ரம்பம் போல் சின்னப் பற்கள் வெட்டியிருக்கும். அதைக் கல்லில் தீட்டிவிடாதீர்கள், பல் போய்விடும். பல் தேய்ந்தால் பட்டறையில்தான் திரும்ப வெட்டி வாங்க வேண்டும்.

சரி, வாய் ஒன்று, பதம் இன்னொன்று. புதிதாக வாங்குகிறவர்கள் இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வார்கள். வாய் என்பது வடிவம், அதை நாம் வீட்டில் செய்யலாம். பதம் என்பது இரும்பின் உள்ளே இருக்கும் குணம், அதைப் பட்டறை நெருப்புதான் கொடுக்கும். எங்கள் ஊர்ப்பக்கப் பட்டறைகளில் அரிவாளுக்குப் பெரும்பாலும் லாரியின் பழைய கமான் பட்டையைத்தான் எடுப்பார்கள். காரணம், அதில் கரி (கார்பன்) நூற்றுக்கு அரைப்பங்குக்குக் கொஞ்சம் மேலே இருக்கிறது. கட்டடத்துக் கிரில் கம்பி போன்ற சாதா இரும்பில் கால் பங்குகூட இருக்காது, அதை எவ்வளவு காய்ச்சித் தண்ணீரில் முக்கினாலும் வாய் நிற்காது. கமான் பட்டையை அடித்து உருவம் கொண்டுவந்த பிறகு, வாய்ப்பக்கத்தைச் செந்தணலாகக் காய்ச்சித் தண்ணீரிலோ எண்ணெயிலோ முக்குவார்கள். இதற்குத் தோய்ச்சல் என்று பெயர், துவைச்சல் என்றும் சொல்வார்கள். சுமார் 770 டிகிரி செல்சியஸில் இரும்பு காந்தத்தில் ஒட்டாமல் போய்விடும், அதற்குக் கொஞ்சம் மேலேதான் தோய்ச்சலுக்கான சூடு. பட்டறைக்காரர் காந்தமும் வைத்துக்கொள்வதில்லை, வெப்பமானியும் வைத்துக்கொள்வதில்லை, தணலின் நிறத்தைப் பார்த்தே எடுத்துவிடுவார். பட்டறையின் உள்ளே வெளிச்சம் குறைவாக வைத்திருப்பது எதற்கு என்று நான் சின்ன வயதில் யோசித்ததுண்டு, இந்த நிறம் தெரியத்தான்.

முக்கியதும் வாய் கண்ணாடி மாதிரி கடினமாகிவிடும், அப்படியே விட்டால் கண்ணாடி மாதிரியே உடையும். அதனால் திரும்பவும் இலேசாகச் சூடு ஏறவிடுவார்கள். தேய்த்துப் பளபளப்பாக்கிய இடத்தில் முதலில் வைக்கோல் நிற மஞ்சள் ஓடும், அது சுமார் 220 டிகிரி. பிறகு பழுப்பு, ஊதா, 300 டிகிரி வாக்கில் நீலம். எந்த நிறத்தில் நிறுத்துகிறாரோ அதுதான் பதம். முதுகைத் தோய்க்காமல் விட்டிருப்பார்கள், அது மென்மையாகவே இருந்து அடியின் அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். சிவகங்கை மாவட்டம் திருப்பாச்சேத்தி அரிவாளுக்கு இவ்வளவு பெயர் இருக்கிறதென்றால், அந்தப் பெயர் உருவத்துக்காக மட்டும் வந்ததில்லை, இந்தப் பதத்துக்காகவும் வந்ததுதான்.

வாங்கும்போதே பதத்தைச் சோதிக்க ஒரு வழி உண்டு. சின்ன அரம் ஒன்றைக் கையோடு எடுத்துப்போய், கடைக்காரரிடம் கேட்டுவிட்டு, வாயில் இலேசாக ஓட்டிப் பாருங்கள். அரம் வழுக்கிக்கொண்டு போனால் ரொம்பக் கடினம், உடைய வாய்ப்புண்டு. வெண்ணெயில் போவது மாதிரி கடித்து இறங்கினால் பதமே இல்லை. சிரமப்பட்டுக் கொஞ்சம் கடித்தால் நல்ல வெட்டரிவாள்.

இனி தீட்டுவது. இதில்தான் கொஞ்சம் பொறுமையாக உட்கார வேண்டும். ஹார்டுவேர் கடையில் ஒரு பக்கம் சொரசொரப்பாகவும் மறுபக்கம் நைசாகவும் இருக்கும் சாணைக்கல் கிடைக்கும், தொடக்கத்துக்கு அது போதும். ஈரத்துணியை மடித்துக் கீழே போட்டு அதன்மேல் கல்லை வையுங்கள், நகராது. தண்ணீர் விட்டுத் தீட்ட ஆரம்பித்தால் எப்போதும் தண்ணீர், எண்ணெய் என்றால் எப்போதும் எண்ணெய், மாற்றி மாற்றி வேண்டாம்.

கோணத்தை எப்படிப் பிடிப்பது என்றுதான் எல்லோரும் பயப்படுகிறார்கள். சதுரமான ஒரு தாளின் மூலையை எடுத்துக்கொள்ளுங்கள், அது 90 டிகிரி. ஒரு முறை சரிபாதியாக மடித்தால் 45, இன்னொரு முறை மடித்தால் இருபத்திரண்டரை. அந்த மடிப்பைக் கல்லின் ஓரத்தில் நிறுத்திவைத்துக் கத்தியை அந்தச் சாய்வுக்குக் கொண்டுவாருங்கள். இன்னொரு வழி, 3 செ.மீ. அகலமான கத்தி என்றால் முதுகைக் கல்லிலிருந்து 1 செ.மீ. உயர்த்தினால் ஏறக்குறைய 20 டிகிரி வந்துவிடும். டிகிரி ஒன்றிரண்டு கூடிக்குறைந்தால் ஒன்றும் கெட்டுப்போகாது. ஆரம்பித்த சாய்விலேயே கடைசிவரை போவதுதான் முக்கியம், கை ஆடினால் வாய் உருண்டுவிடும். வாயோரத்தில் ஸ்கெட்ச் பேனாவால் மை தடவிவிட்டு நாலு இழுப்பு இழுத்துப் பாருங்கள். மை ஓரம்வரை அழிந்திருந்தால் சாய்வு சரி, மேலே மட்டும் அழிந்து ஓரத்தில் மை நின்றால் முதுகை இன்னும் கொஞ்சம் உயர்த்த வேண்டும்.

எத்தனை முறை தேய்ப்பது என்று எண்ணாதீர்கள், பிசிறு வருகிறதா என்று பாருங்கள். சொரசொரப்புப் பக்கத்தில் ஒரு பக்கமாகவே தீட்டிக்கொண்டு வந்தால், ஒரு கட்டத்தில் மறுபக்கத்து வாயோரத்தில் நூல்போல ஒரு முரடு விரலுக்குத் தட்டுப்படும். விரலை வாயின் நீளவாக்கில் ஓட்டக்கூடாது, முதுகிலிருந்து வாயை நோக்கி மெதுவாக வெளியே தள்ளிப் பார்க்க வேண்டும். அந்தப் பிசிறு அடியிலிருந்து நுனிவரை ஒரே சீராக வந்தால்தான் இந்தப் பக்கம் வேலை முடிந்தது என்று அர்த்தம். பிறகு மறுபக்கம், அங்கேயும் பிசிறு வரும்வரை. அப்புறம் நைஸ் பக்கத்தில் இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி, அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே போங்கள், பிசிறு மெலிந்து உதிரும். கடைசியாகப் பழைய தோல் பெல்ட்டின் உட்பக்கத்தில் முதுகு முன்னே போகும்படி பத்துப் பதினைந்து இழுப்பு. பலர் பிசிறு வருவதற்கு முன்பே நிறுத்திவிட்டு "எனக்குத் தீட்ட வரவில்லை" என்கிறார்கள். கைக்கு வராமலில்லை, பாதியில் எழுந்துவிட்டார்கள், அவ்வளவே.

வாயை வெளிச்சத்துக்கு நேராகத் திருப்பிப் பாருங்கள். மழுங்கிய இடம் வெள்ளைக் கோடாக மின்னும், கூரான இடத்தில் மின்ன ஒன்றும் இருக்காது. செய்தித்தாளைத் தொங்கவிட்டு வெட்டிப் பார்த்தால் எந்த இடத்தில் சிக்குகிறது என்பதும் தெரியும்.

பனையேறிகள் பாளை அரிவாளைத் தீட்டுவதை வாய்ப்புக் கிடைத்தால் பாருங்கள். மரக்கட்டையின்மேல் வெங்கச்சங்கல்லைப் பொடித்துத் தூவி, அதில் அரிவாளை இழுத்து இழுத்து எடுப்பார்கள். பாளையின் நுனியை நாள்தோறும் தாள் கனத்துக்குச் சீவ வேண்டும், நசுங்கினால் பதநீர் சுரப்பு கெடும், அதனால் அவர்களுடைய வாய் சவரக்கத்திக்குச் சமம். வெங்கச்சங்கல் என்பது குவார்ட்ஸ், கடினத்தில் சாதாரண அரிவாள் இரும்பைவிட ஒரு படி மேலே, அதனால்தான் இரும்பைத் தேய்க்கிறது. இப்போது அடுப்படி மேடைக்கு வாருங்கள். கிரானைட் மேடையில் மினுக்குகிற மணிகளில் ஒரு பகுதி இதே குவார்ட்ஸ்தான். அங்கே வைத்து நேராக வெங்காயம் நறுக்கினால் ஒவ்வொரு வெட்டுக்கும் வாய் நேராகப் போய் அந்தக் கல்லில் முட்டுகிறது. ஒரு வாரம் உழைத்துத் தீட்டிய வாய் ஒரு சாம்பாரில் போய்விடும். எவர்சில்வர் தட்டும் கண்ணாடிப் பலகையும் அப்படித்தான். மரப்பலகைதான் நல்லது, பிளாஸ்டிக் பலகையும் பரவாயில்லை.

தெருவில் சாணை பிடிக்க வருகிறவரிடம் கொடுக்கலாமா என்று கேட்பார்கள். கொடுக்கலாம், பக்கத்தில் நின்று கொடுங்கள். சக்கரம் வேகமாகச் சுற்றும்போது வாயில் சூடு ஏறும், வாயோரம் நீலம் பாய்ந்தால் அந்த இடத்தில் பதம் போயிற்று என்று பொருள், மேலே சொன்ன அதே நீலம்தான். இடையிடையே தண்ணீரில் முக்கச் சொல்லுங்கள், நல்ல தொழிலாளி சொல்லாமலேயே செய்வார். பொக்கை பெரிதாக விழுந்த அரிவாளைச் சமப்படுத்தச் சக்கரம் நல்லது. மாதாமாதத் தீட்டலுக்குக் கல்லே போதும்.

பொக்கை என்றதும் ஞாபகம் வருகிறது. இரண்டு வருஷம் முன்னால் பழைய வேலிக்கால் ஒன்றைத் தறித்தபோது உள்ளே ஆணி இருந்ததைப் பார்க்காமல் ஓங்கிவிட்டேன். வாயில் அரை நெல் அளவுக்குப் பொக்கை. அதைத் தேய்த்து எடுக்க இரண்டு மாலை ஆனது, பொக்கையின் ஆழத்துக்கு வாய் முழுவதையும் குறைத்துக்கொண்டு வர வேண்டும் என்பதால். அப்போதிலிருந்து பழைய மரம் என்றால் முதலில் நாலு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் கை வைப்பேன்.

வெட்டும்போது தெரிந்திருக்க வேண்டியவை கொஞ்சம். கிளையை நேர்க்குறுக்காக அடிக்காதீர்கள், சாய்வாக ஒரு வெட்டு, எதிர்ச்சாய்வாக ஒரு வெட்டு, நடுவில் சில்லு தெறித்து விழும், அப்படியே ஆழமாக்கிப் போகலாம். தரையில் வைத்து வெட்டினால் கடைசி அடி மண்ணுக்குள் போகும், மண்ணில் இருப்பதும் குவார்ட்ஸ்தான், கீழே ஒரு மரக்கட்டை வையுங்கள். வாய் மரத்தில் மாட்டிக்கொண்டால் பக்கவாட்டில் முறுக்கக்கூடாது, வாய் உடைவது பாதி அப்படித்தான். பிடியைப் பிடித்து மேலும் கீழுமாக ஆட்டி, போன வழியே எடுங்கள். ஓங்குவதற்கு முன்னால், குறி தவறினால் அரிவாள் எங்கே போய் நிற்கும் என்று பாருங்கள், அங்கே உங்கள் முழங்காலோ கட்டையைப் பிடித்திருக்கும் இடது கையோ இருக்கக்கூடாது. கை வியர்த்தால் துடைத்துக்கொள்ளுங்கள், அலுத்துவிட்டால் நிறுத்துங்கள். ஆழமாக வெட்டுப்பட்டுவிட்டால் சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்து, கையை உயர்த்தி வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள், காப்பித்தூளும் மஞ்சளும் அப்ப வேண்டாம். மண்ணும் அழுக்கும் பட்ட காயம் என்றால், கடைசியாக டி.டி. ஊசி போட்டு 5 ஆண்டு தாண்டியிருக்கிறதா என்று மருத்துவரிடம் சொல்லுங்கள்.

பிடி ஆடுகிறதா என்று வாரம் ஒருமுறை பாருங்கள். ஆடுகிற பிடியோடு வீசினால் அலகு கழன்று பறக்கும், இதில் மட்டும் நாளைக்குப் பார்க்கலாம் என்று விடாதீர்கள். பிடியைத் தண்ணீரில் ஊறப்போட்டால் இறுகிவிடும் என்பார்கள், அன்றைக்கு இறுகும், காய்ந்ததும் முன்னைவிட அதிகமாக ஆடும், காம்பும் உள்ளே துருப்பிடிக்கும். அரக்கு உருக்கி ஊற்றிக் காம்பை இறக்குவது பழைய முறை, இன்றும் நன்றாக நிற்கிறது.

துருவுக்கு வைத்தியம் சுலபம். வேலை முடிந்ததும் கழுவி, உடனே துடைத்து, காயவிட்டு, ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெய். வெங்காயம், மாங்காய், புளி, எலுமிச்சை பட்ட இரும்புக் கத்தியைத் தொட்டியில் போட்டுவைத்தால் அரைமணியில் கறை ஏறிவிடும். நாளடைவில் வரும் சாம்பல் நிறக் கறையைக் கண்டு பயப்பட வேண்டாம், தேய்த்து எடுக்கவும் வேண்டாம், அது கொஞ்சம் காவல்தான். செங்காவித் துரு மட்டும் ஆகாது. எவர்சில்வர் கத்தியில் குரோமியம் குறைந்தது பத்தரை சதவீதம் இருப்பதால் துரு ஏறுவது கடினம், ஆனாலும் உப்புத்தண்ணீரில் கிடந்தால் அதிலும் புள்ளி விழும்.

அரிவாளை வெளியே கொண்டுபோவது பற்றியும் சொல்ல வேண்டும். ஆயுதச் சட்டம் 1959இன் கீழுள்ள விதிகள் 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுகளை ஆயுதமாகக் கணக்கெடுக்கும்போது, வீட்டுக்கும் விவசாயத்துக்கும் தொழிலுக்கும் செய்யப்பட்டவற்றை விலக்கியிருக்கின்றன. அதற்காகப் பேருந்தில் வெறும் அரிவாளோடு ஏறலாம் என்றில்லை. வாய்க்குப் பழைய சைக்கிள் டியூபைப் பிளந்து போட்டு, சாக்கில் சுற்றிக் கட்டி, காரணம் இருக்கும்போது மட்டும் எடுத்துப்போங்கள். வீட்டிலும் அதே டியூப் உறைதான், குழந்தை கைக்கு எட்டாத உயரத்தில்.

இவ்வளவு பார்த்துக்கொண்டாலும் சில வருஷத்தில் வாய் தேய்ந்து தேய்ந்து தடிப்பான பகுதிக்கு ஏறிவிடும், எவ்வளவு தீட்டினாலும் இறங்காது. அப்போது பட்டறைக்குக் கொண்டுபோய்த் தட்டி வாங்க வேண்டும். காய்ச்சி, வாய்ப்பக்கத்தைச் சம்மட்டியால் அடித்து மெலிதாக்கி, திரும்பத் தோய்ச்சல் போட்டுத் தருவார்கள். எங்கள் பட்டறைப் பெரியவர் அரிவாளைக் கையில் கொடுக்கும்போது ஒவ்வொரு தடவையும் சொல்வார், "தம்பி, தட்டித்தான் குடுத்திருக்கேன், வாய் நீதான் எடுக்கணும்." வீட்டுக்கு வந்ததும் கல்லின் சொரசொரப்புப் பக்கத்திலிருந்து ஆரம்பியுங்கள்.